முதலும் முதற்பொருளும்: 'பதேர் பாஞ்சாலி' பற்றிய ஓர் ஆய்வு

'முதல்' என்னும் சொல் வணிகர்க்குப் பணத்தைக் குறிக்கும். புலவர்க்கோ நிலத்தையும் பொழுதையும் குறிக்கும். தொல்காப்பியர் முதற்பொருள் எனக் கொண்டவை இவ்விரண்டே. பணமாகிய முதல் இல்லாதார் கலைப்படைப்பொன்றைத் தொடங்குங்கால் ஏனை முதலையே பற்றி நிற்க வேண்டியவராவர். சத்யஜித் ராயின் முதற்படமாகிய 'பதேர் பாஞ்சாலி' (1955) இதற்குத் தக்க சான்று.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் புதினத்தைத் தழுவிய இப்படத்தின் பிடிப்பு 1952 அக்டோபரில் தொடங்கிற்று. ராய் அப்பொழுது கல்கத்தாவில் விளம்பர நிறுவனமொன்றின் ஊழியர். ஆதலின் தொடக்கத்தில் ஓய்வு நாள்களே படப்பிடிப்பு நாள்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா 21 வயதினர். திரைப்படக் கருவியை அதற்குமுன் இயக்கியறியாதவர். காப்புறுதிப் பத்திரமும் இசைத்தட்டுகளும் மனைவியின் நகைகளும் பணமாயின. அதுவும் தீர்ந்து பணி நின்றது. மேற்கு வங்க அரசின் பொருளுதவியாலேயே படம் நிறைவுற்றது. (பெயரில் 'பாதை' இருத்தலின் அத்தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது என்பர். பெயராய்வு அலுவலகங்களிலும் நடைபெறுகிறது போலும்!)

துர்காவும் அப்புவும் புகைவண்டி காணச் செல்லும் காசப்பூ வெளிக் காட்சியே முதலிற் படமாக்கப்பட்டது. ஒரு பகுதியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் சென்றபோது பூக்களைக் கால்நடைகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறு ஆண்டு அப்பருவம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. வங்காளத்தார்க்குக் காசப்பூ சரத் பருவத்தின் அடையாளம். செல்வர் எனின் செயற்கை வெளியொன்றை அமைத்து அவ்வாரமே முடித்திருப்பர். அங்கே பூ இருந்திருக்கும், பொழுது இருந்திராது.

இதுகொண்டு வறுமையே இக்கலையின் தாய் என்பாரும் உளர். யாம் அதற்கு உடன்படோம். பொழுதை நம்பிய படம் பொழுதால் அழியவும் கூடும். ஏறக்குறைய மூன்றாண்டு நீண்ட பணியில் சிறுவனின் குரல் உடையாமையும், சிறுமி வளர்ந்துவிடாமையும், 80 வயதை ஒட்டிய சுனிபாலா தேவி இறவாமையும் வியப்புகள் என ராயே கருதினார். இனிப்பு விற்பவராக நடித்தவரோ இடையில் இறந்தார். அவரை ஒத்த உடலமைப்புடைய வேறொருவரைப் பின்புறமாகக் காட்டி அக்காட்சியை முடித்தனர். இரவுக் காட்சிகளை நிலையத்தினுள்ளேயே எடுத்தனர் என்பதையும் 'எல்லாம் இயற்கை' என்பார் நினைதல் வேண்டும்.

நீட்டிப்பு அளித்த பெரும்பயன் பயிற்சியே என்பது எம் கருத்து. கதைப்போக்கினைப் பெரிதும் ஒட்டியே பிடிப்பு நிகழ்ந்தமையின், இயக்குநர் தொழில் கற்ற வரலாற்றையும் படத்தில் காணலாம். முற்பகுதியில் நிகழ்ச்சிகள் சற்றே தளர்ந்து செல்கின்றன. பிற்பகுதியில் அத்தளர்ச்சி இல்லை. ஊர் திரும்பிய ஹரிஹர் மகளுக்கென வாங்கிய புடவையை நீட்ட, சர்வஜயா கதறுகிறாள். அக்கதறலை நாம் கேட்பதில்லை. ரவிசங்கர் அமைத்த இசையில் தார் ஷெனாயே ஒலிக்கிறது. அங்கே ஈர்ப்பது நிலமுமன்று, பொழுதுமன்று, உரிப்பொருளாகிய இரங்கலே. 1952இல் முதன்முறை கருவியைத் திறந்த நாளில் அக்காட்சியை எடுத்திருப்பின், அவ்வழுகுரலை அடக்க அவர்க்குத் துணிவு வந்திராது.