சீசன் கூட்டமும் தென்காசி ரத வீதியும்

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் தென்காசியை நெரித்துக்கொண்டு கடந்துபோகின்றன. நெரிசல் ஊருக்கு, வியாபாரம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி அருவிக்கரைக்கு. 2019 நவம்பர் 22-இல் மாவட்டத் தலைநகரானபோதாவது காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றிய பழைய ஊருக்கு விடிவு வந்திருக்கலாம்.

தேய்ந்துபோகும் நகர நடுவங்களுக்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் மருந்து ‘பிளேஸ்மேக்கிங்’. வண்டிகள் பிடித்துக்கொண்ட தெருவை மீட்டு, மக்கள் நின்று பேசிப் போகும் இடமாக்குவது. நியூயார்க் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், உட்கார இடமும் மரமும் தின்பண்டமும் இருந்தால் கூட்டம் தானாகச் சேரும் என்று 1980-இல் எழுதினார். இந்த முறையின் பலம் இந்த எளிமைதான். பெரிய கட்டடம் எதுவும் கேட்பதில்லை.

தென்காசிக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுர வாசலில் நுழைந்தால் முதலில் காற்று முகத்தில் அடிக்கும். சில அடி தாண்டியதும் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் பின்னாலிருந்து வீசும். எந்தத் திட்டமும் காசு கொடுத்து வாங்க முடியாத சொத்து அது. அதை அனுபவித்து வெளியே வருபவரைக் கோயிலைச் சுற்றிய ரத வீதியில் அரை மணி நேரம் நிறுத்திவைக்க நிழலும் திண்ணையும் சுத்தமான கழிப்பறையும் போதும்.

ஆனால் நம்மூரில் இந்த முறை பெரும்பாலும் கல் பதிப்பதோடு நின்றுவிடுகிறது. 2019-இல் திறந்த சென்னை பாண்டி பஜார் நடைபாதை வளாகம் நடப்பதற்கு உண்மையிலேயே சுகமானது. ஆனால் அந்தத் தெருவுக்கு உயிராக இருந்த நடைபாதை வியாபாரிகளை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். கூட்டத்தை இழுத்தவர்களை அப்புறப்படுத்திவிட்டுக் கூட்டத்தை வரவேற்பது எனக்கு ஒப்பவில்லை. 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடத்தை வியாபாரிகளுக்கே தருகிறது. ரத வீதித் திட்டம் அந்தக் குழுவில்தான் பிறக்க வேண்டும்.

குற்றாலம் இன்னொரு குறையைக் காட்டுகிறது. சீசனில் நேந்திரங்காய் சிப்ஸ் சட்டி அணையாமல் எரியும், மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவியும், சாரல் விழாவும் நடக்கும். அருவி வற்றினால் கடைவீதி வெறிச்சோடிப்போகும். ஆள் சேர்ந்தால் வெற்றி என்கிற கணக்கும் ஆபத்தானது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. கூட்டத்தை அழைக்கும் திட்டத்தில் எச்சரிக்கை ஏற்பாட்டுக்கும் பணம் ஒதுக்கியாக வேண்டும்.

பராமரிப்புதான் எல்லாவற்றிலும் பலவீனமான கண்ணி. கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதன் பழுதை நீக்குகிறவர்களைத் தான் பணிவதாகக் கல்வெட்டிலேயே சொல்லிவைத்தான். அப்படியும் சிதைந்த கோபுரம் பல காலம் அப்படியே நின்று, புதிதாக எழுந்து 1990-இல்தான் குடமுழுக்குக் கண்டது. திறப்பு விழாவுக்கு மட்டும் நிதி ஒதுக்கும் திட்டத்தை நகராட்சி ஏற்கக் கூடாது. முதலில் ஒரே ஒரு ரத வீதியில், சனி ஞாயிறு மாலைகளில் மட்டும் வண்டிகளைத் தடுத்துப் பார்க்கலாம்; சீசன் இல்லாத பிப்ரவரியில் தொடங்கினால் உள்ளூர்க்காரர்களுக்கு அது பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். கல் பதிக்கும் டெண்டரை அதன்பிறகு விடட்டும்.