லயத்து வீட்டில் ‘பரதேசி’

பாலாவின் ‘பரதேசி’ 2013 மார்ச்சில் வெளிவந்தது. அதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் என் கைக்கு எட்டியவற்றையெல்லாம் வாசித்திருக்கிறேன். செழியனின் ஒளிப்பதிவு, நாஞ்சில் நாடனின் வசனம், பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருதைப் பெற்றுக்கொடுத்த உடையலங்காரம், மனிதரை வதைத்துக் காட்டுவதில் பாலாவுக்குள்ள தனி மோகம் எனப் பலதும் அவற்றில் பேசப்பட்டிருந்தன. தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவர்கள் இப்படத்தைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி மட்டும் ஒன்றிலும் இல்லை. அவர்களும் பார்க்கத்தான் செய்தார்கள். வீட்டில் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே பேசினார்கள். அந்தப் பேச்சை விமர்சனம் என்று கொள்ளலாமா என்பதே எனது விடயம்.

ஊவாத் தோட்டங்களில் வீட்டில் படம் பார்ப்பது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது எமது லயங்கள் பலவற்றில் மின்சாரமே இல்லை. பஸ்ஸில் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ கார் பெற்றரியைக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வந்து கறுப்பு வெள்ளை டீவி பார்த்த குடும்பங்கள் உண்டு. நல்ல கட்டத்தில் பெற்றரி இறங்கிப் படம் சுருங்கிப் புள்ளியாகி மறையும். பிறகு டெக் வந்தது. திருவிழாவுக்கும் சடங்கு வீட்டுக்கும் டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் சீடி, பின்னர் டீவீடி, அதன் பிறகு லயத்துத் தகரக் கூரைமேல் டிஷ். இன்று ‘பென்’னில் ஏற்றியும் கைத்தொலைபேசியிலும் பார்க்கிறார்கள்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமா பற்றி எழுதியபோது, தமிழர்கள் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் இடம் திரையரங்கு என்ற கருத்தை முன்வைத்தார். லயத்து டீவிக்கு இது எந்தளவு பொருந்தும்? ஒரு லயத்தில் ஒரு டீவி இருந்த காலத்தில் யார் காம்பராவுக்குள் பாயில் இருந்தார்கள், யார் வாசற்படியில், யார் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அதை மறைத்துவிட்டுக் ‘கூட்டு ரசனை’ என்று புகழ எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்று: திரையரங்கில் நாம் படத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். வீட்டில் படம் நமக்குக் கட்டுப்பட்டது. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், திருப்பிப் போடலாம், இடையில் தேத்தண்ணி ஊற்றலாம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சத்தமாகப் பேசலாம்.

நமுனுகுல மலைச்சரிவில் உள்ள ஒரு தோட்டத்தில், என்னிடம் படித்த பையன் ஒருவனின் வீட்டில் ‘பரதேசி’யை நான் இரண்டாவது முறையாகப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. படத்தைத் தெரிந்தெடுத்தது அவன்தான். அவனுடைய அப்பாயி, தாய், பக்கத்துக் காம்பராப் பெண்கள் இருவர், வந்துபோன பிள்ளைகள் என்று பத்துப் பேருக்குக் குறையாது.

முதல் அரைமணி நேரம் எவரும் படத்தை மதிக்கவில்லை. ராசா தண்டோராப் போட்டுத் திரியும் கட்டங்களில் பிள்ளைகள் சிரித்தார்கள். பெண்கள் தேங்காய் விலை பேசினார்கள். கங்காணி வந்து தேன் சொட்டப் பேசத் தொடங்கியதும் பேச்சு நின்றது. “வந்துட்டான்யா” என்றார் அப்பாயி. அந்தக் கங்காணியின் நடிப்பைப் பற்றி இதைவிடச் சுருக்கமான பாராட்டு எழுத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. ஊர் மக்கள் மலையை நோக்கி நடக்க, வழியில் விழுந்தவனை விட்டுவிட்டு மனைவியை இழுத்துச் செல்லும் இடத்தில் அவர் தன் பாட்டனின் கதையைச் சொன்னார். மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மறுபடி ஊவாவுக்கு நடந்த கதை. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்கு முன் வந்தவர்களுக்குக் கால்தான் வண்டி.

படத்தை முதன்முதலில் நிறுத்தியது கணக்கு முடிக்கும் கட்டத்தில். கடைப் பாக்கி, வைத்தியச் செலவு, கங்காணிக் காசு என்று கழித்துக் கழித்து, உழைத்தவன் கையில் ஒன்றும் இல்லாமல் அனுப்பப்படும் காட்சி. பையனின் தாய் “நிப்பாட்டு” என்றார். நிறுத்தினான். அதன்பின் கால்மணி நேரத்துக்கு மேல் படம் அசையவில்லை. அரைப்பேர் போட்ட நாட்கள், தராசில் தண்ணீருக்கென்று கழிக்கும் கிலோக்கள், 2021இல் ஆயிரம் ரூபா என்று அறிவித்துவிட்டு நாளுக்கு இத்தனை கிலோ என்று கூட்டிய கதை எல்லாம் வந்தன. திரையில் ராசாவின் முகம் உறைந்தபடி இருந்தது. இது படத்திலிருந்து விலகிய வெட்டிப் பேச்சு என்று ஒருவர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு காட்சி பார்வையாளரை நிறுத்தச் செய்து கணக்குப் பார்க்க வைக்கிறதென்றால் அக்காட்சி தன் வேலையைச் செய்துவிட்டது. அதே சமயம், முழுப் படத்திலும் இப்படி அவர்கள் நிறுத்திய இடம் இது ஒன்றுதான். குதிநரம்பை அறுக்கும் காட்சிக்கு நிறுத்தவில்லை. “அந்தப் பக்கம் திரும்புங்க புள்ளைங்களா” என்றதோடு சரி. பாலா தன் முழுப் பலத்தையும் கொட்டிய இடம் அது. பலம் கொட்டாமல் எடுத்த கணக்குக் காட்சிதான் அந்த வீட்டில் நின்றது. பாலாவின் படங்கள் பற்றி எழுதுவோர் யோசிக்க வேண்டிய இடம் இது.

அடுத்தது, வைத்தியர் வரும் பகுதி. இப்படம் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்து, இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் ‘எரியும் பனிக்காடு’ ஆன நாவலிலிருந்து பிறந்தது. டேனியல் வால்பாறைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்தவர், தொழிற்சங்கம் கட்டியவர். நாவலில் வரும் வைத்தியர் ஆபிரகாம் தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு மனம் கலங்கிச் செயற்படும் மனிதர். படத்திலோ அவர் மதம் பரப்ப ஆடிப்பாடும் கோமாளி. நாவலை வாசித்தவன் என்ற வகையில் எனக்கு இது பெருங்குறை. கொள்ளைநோயில் மக்கள் செத்துக்கொண்டிருக்கும் இடத்தில் இயக்குநர் ஒரு மதத்தைக் கேலி செய்ய நேரம் ஒதுக்குகிறார். நாவலை வாசியாத அப்பாயி, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டார்: “ஆடுறது இருக்கட்டும், மருந்து குடுத்தானா இல்லியா?” நான் இரண்டு பக்கத்தில் எழுதக்கூடியது அவ்வளவும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

இறுதிக் காட்சியைச் சொல்ல வேண்டும். தப்ப முடியாமல் முடமாக்கப்பட்ட ராசா பாறைமேல் இருந்து அழுகிறான். கங்காணி அழைத்துவரும் புதிய கூட்டத்தில் அங்கம்மா, அவன் பிள்ளையோடு வருகிறாள். இந்த நரகக் குழிக்கு நீயுமா வந்தாய் என்று கதறுகிறான். படம் முடிகிறது. நான் வாசித்த விமர்சனங்களில் இம்முடிவு வெளிச்சமே இல்லாத துயரமாகவே பேசப்பட்டிருந்தது. திரையரங்கிலிருந்து கனத்த மனத்தோடு வெளியேறியவர்கள் பலர். லயத்து வீட்டில் நடந்தது வேறு. பையனின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது உண்மை. அப்பாயி சொன்னார்: “சேந்துட்டாங்கல்ல, அப்புறம் என்னத்துக்கு ஒப்பாரி? அவ வராட்டி நாமெல்லாம் ஏது?”

பாலாவுக்கு அங்கம்மாவின் வருகை கதையின் முடிவு. அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அது கதையின் தொடக்கம். அங்கம்மாக்கள் வந்ததால் பிறந்தவர்கள் அவர்கள். வந்த இடத்தில் கோயில் கட்டி, சங்கம் கட்டி, 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தில் பாதிச் சொந்தம் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய், எஞ்சியோர் மலையிலேயே நின்று பிள்ளையைப் படிப்பித்த வரலாறு அந்தக் கடைசிக் காட்சிக்குப் பின்னால் உள்ளது. படத்துக்கு அது தெரியவில்லை. மலைக்கு வந்தவர்களை அழிந்தவர்களாக மட்டுமே அது காண்கிறது. வாழ்ந்தவர்களாகக் காணும் கண் அதற்கு இல்லை. ‘பரதேசி’ மீதான என் முதன்மையான விமர்சனம் இதுவே. இந்த இடத்துக்கு என்னை நூல்கள் கொண்டுவரவில்லை.

இப்படிச் சொல்வதால் வீட்டுப் பேச்சு எல்லாமே முத்து என்று எவரும் கொள்ள வேண்டாம். “இழுவை”, “ஃபைட் இல்ல”, “ஹீரோயின் கறுப்பா இருக்கா” என்பனவும் அதே வாய்களிலிருந்துதான் வந்தன. வேதிகாவுக்குக் கறுப்புப் பூசியதைப் பற்றி நான் வருந்திக்கொண்டிருக்க, தேயிலை வெயிலில் கறுத்த பெண்ணே அதைக் குறையாகச் சொன்னார். தமிழ்ச் சினிமா ஐம்பது அறுபது வருடமாக ஊட்டியது அது. அன்றிரவே அவர்கள் ஒரு மசாலாப் படத்தைப் போட்டு, ‘பரதேசி’க்குக் கொடுக்காத கவனத்தை அதற்குக் கொடுத்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. தம் கதையைத் தாமே பார்த்து அழ அவர்களுக்கு நேரமும் இல்லை, கட்டாயமும் இல்லை.

எங்கள் வீடுகளிலும் இது நடக்கிறது. தமிழ்ப் படத்தில் தொப்பியும் தாடியுமாக ஒருவர் வந்து, “நம்பள்”, “நிம்பள்” என்று எந்த ஊரிலும் எந்த முஸ்லிமும் பேசாத ஒரு தமிழைப் பேசும்போது, உம்மாமார் கேட்பது ஒன்றுதான்: “நாம எங்க இப்படிக் கதைக்கிறோம்?” ‘தெனாலி’ வந்த 2000இல் யாழ்ப்பாணத்து ஆசிரிய நண்பர் ஒருவர் கமலின் பேச்சைக் கேட்டு அதையே கேட்டார். விமர்சனத்தின் முதற்படி இக்கேள்வி. ஆனால் முதற்படி மட்டுமே. நம்மைப்போல் இருக்கிறதா என்று கேட்டு நின்றுவிட்டால், நம்மைப்போல் இல்லாத மனிதரைப் பற்றிய நல்ல படம் நமக்கு எட்டாமல் போகும். அப்பாயி அந்தப் படியைத் தாண்டினார். ராசாவின் தென்மாவட்டப் பேச்சு தன் பேச்சாக இல்லாததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்கே நம் வட்டத்தாரிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதே 2013இல், ‘பரதேசி’க்கு ஐந்து வாரங்கள் முன்பு, பெப்ரவரி 7ஆம் திகதி, தடைக்குப் பிறகு ‘விஸ்வரூபம்’ தமிழகத்தில் வெளியானது. அதைப் பார்த்தவரும் பாராதவரும் பேசினோம். கூட்டங்களில், திருமண வீடுகளில், ஆசிரியர் ஓய்வறைகளில் பேசினோம். பேசியதில் நியாயமும் இருந்தது. ஆனால் பசறையிலும் லுணுகலையிலும் வெலிமடையிலும் தோட்டத்தின் ஓரத்திலேயே கடையும் வீடும் பாடசாலையுமாக வாழும் நாம், பக்கத்து லயத்தின் வரலாறு திரையில் வந்தபோது என்ன சொன்னோம்? நான் போன கூட்டங்களில் ‘பரதேசி’ என்ற பெயரே காதில் விழவில்லை. தோட்டத்துச் சம்பள நாளை நம்பியே நம் கடைகள் நடந்தன என்பதால், அந்தப் படத்தின் கணக்குக் காட்சியில் வரும் கடைப் பாக்கி நமக்கும் சற்று உறுத்தும். நாம் பேசாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்தப் பேச்சு இன்னும் எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பதும் சந்தேகம். மாணவர்கள் இப்போது காதில் வயரை மாட்டிக்கொண்டு தனித்தனியே பார்க்கிறார்கள். ஒரே காம்பராவில் நான்கு பேர் நான்கு படம். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. பத்தாம் வகுப்பில் திரைப்படம் பற்றி எழுதச் சொன்னால் கதைச் சுருக்கமும் நட்சத்திரப் புள்ளியும் வருகின்றன. “வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்” என்று கேட்டுப் பார்த்தேன். பாதிப்பேர், “யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நான் போனில் பார்த்தேன்” என்று ஒரு வரியில் முடித்தார்கள். மற்றப் பாதியின் கொப்பிகளை நான் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மலையக மண்ணிலிருந்தே எழுந்த படங்கள் சில உண்டு. தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் 1975இல் தந்த ‘புதிய காற்று’ அவற்றில் முக்கியமானது. தம்பிஐயா தேவதாஸ் எழுதிய இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதையில் இப்படங்களைப் பற்றி வாசிக்கலாம். படங்களைப் பார்க்க வழியில்லை. ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலையில் எரிந்தது. பழைய பிரதிகள் எவ்விதமெல்லாம் அழிந்தன என்பது தனிக் கதை. பதுளையிலும் பண்டாரவளையிலும் டெக் காலத்திலிருந்து நான் ஏறி இறங்கிய வாடகைக் கடை எதிலும் ‘புதிய காற்று’ இருந்ததில்லை. வால்பாறையைப் பற்றிய படம் நமுனுகுலவுக்கு வந்துவிட்டது, நமுனுகுலவைப் போன்ற மலைகளைப் பற்றி இங்கேயே எடுத்த படம் வரவில்லை. வாசகர் எவரிடமேனும் அதன் பிரதி, பழுதான நாடாவாக இருந்தாலும், இருக்குமானால் சஞ்சிகையின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். பஸ் செலவு என்னுடையது. டெக் ஒன்று பாடசாலைக் களஞ்சிய அறையில் இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது.