எட்டு மணி நேரப் படுக்கை, ஐந்தரை மணி நேரத் தூக்கம்: சென்னை ஆய்வை எப்படி வாசிப்பது?

சென்னையில் நடந்த ஒரு தூக்க ஆய்வைப் பற்றியது இந்தப் பதிவு. 2021-இல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழில் வெளிவந்தது. எழுதியவர்கள் பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா. ஐந்து பேருமே பொருளாதாரக்காரர்கள். ஆனாலும் உளவியல் பாடத்தில் ஆர்வம் உள்ள எல்லாரும் இதைப் படிக்கணும் என்பது என் கருத்து. பாடப்புத்தகம் தூக்கத்தைப் பற்றிச் சொல்றதை ஏசி போட்ட ஆய்வுக்கூடத்தில் சோதிக்காம, கொசுவும் புழுக்கமும் உள்ள நம்ம வீடுகளில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள்.

நல்ல ஆய்வுதான். ஆனா அதோட முடிவை ஒரே வரியில் சுருக்கிச் சொல்லும்போது ஒரு தப்பான பாடம் வெளியே போகுது. அந்தப் பாடத்தால அடிபடப் போவது நம்ம ஊர் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் ஷிஃப்ட் தொழிலாளிகளும். அதனால்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதலில், அவர்கள் என்ன செய்தார்கள்?

சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேருக்கு ஏறக்குறைய ஒரு மாத காலத்துக்கு டேட்டா என்ட்ரி வேலை கொடுத்தார்கள். தட்டச்சு செய்த அளவு, பிழைகள் எல்லாம் கணினியிலேயே பதிவாகும். கையில் கடிகாரம் மாதிரி ஒரு ஆக்டிகிராஃப் கருவி. கை அசைவை வைத்து, ஆள் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று அது கணக்கிடும்.

சிகிச்சை எதுவும் ஆரம்பிக்கும் முன்பே ஒரு எண் கிடைத்தது. இவர்கள் இரவில் 8 மணி நேரம் படுக்கையில் இருக்கிறார்கள். தூங்குவது சராசரியாக 5.5 மணி நேரம். கணக்குப் போட்டால் 69 சதவீதம். இதைத் தூக்கத் திறன் என்பார்கள். தூக்கமின்மை நோயோ, தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயோ உள்ளவர்களிடம் பார்க்கிற அளவு இது என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். ஆனா இவங்க நோயாளிகள் கிடையாது. சாதாரணமா உழைச்சு வாழறவங்க.

பிறகு குலுக்கல் முறையில் குழு பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மெத்தை, தலையணை, டேபிள் ஃபேன், காதடைப்பு, கண்மறைப்பு போன்ற பொருட்களும் தூக்கத்தின் அருமை பற்றிய அறிவுரையும் கொடுத்தார்கள். அவர்களிலேயே சிலருக்கு, கூடுதலாகத் தூங்கினால் பணமும் உண்டு. இது மூன்று வாரம் நடந்தது. இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது.

பலன்? வேலைத்திறன், அறிவுத்திறன், முடிவெடுக்கும் திறன், மனநலம் எதிலும் கண்டுபிடிக்கும்படியான மாற்றம் இல்லை. வேலை செய்த நேரம் கொஞ்சம் குறைந்ததுதான் மிச்சம். முன்கூட்டியே கருத்துக் கேட்கப்பட்ட நிபுணர்கள் நல்ல ஏற்றம் இருக்கும் என்று கணித்திருந்தார்கள். அது பொய்த்துப் போச்சு.

அதே ஆய்வில் இன்னொரு சோதனையும் உண்டு. சிலரை மதியம் அலுவலகத்திலேயே ஒரு குட்டித் தூக்கம் போட விட்டார்கள். இவர்களுக்கு வேலைத்திறன், மனநலம், அறிவுத்திறன் மூன்றும் கூடின. எல்லாவற்றையும் சேர்த்த குறியீட்டில் 0.12 திட்டவிலக்கம் ஏற்றம். பெரிய மலை ஏதுமில்லை, ஆனா உறுதியான ஏற்றம்.

எதைக் கூட்டினார்கள்?

இந்த ஆய்வை மேலோட்டமாகப் படிக்கிறவர் எடுத்துக்கொண்டு போகும் செய்தி: "ராத்திரி கூடுதலா தூங்கினாலும் பிரயோஜனம் இல்ல." இதைத்தான் நான் மறுக்கிறேன்.

அந்த 27 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். படுக்கையில் இருக்கும் நேரத்தைக் கூட்டியதால் வந்தது. இதை ஆய்வின் சுருக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். பழைய 69 சதவீதக் கணக்கிலேயே 27 நிமிடத் தூக்கம் கிடைக்கணும்னா சுமார் 39 நிமிடம் கூடுதலாகப் படுத்திருக்க வேண்டும். அதாவது, உடைந்த தூக்கம் ஒட்டவைக்கப்படவில்லை. உடைந்த தூக்கமே இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சூளையை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பீங்கான் சுடும்போது வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி, உச்சத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, பிறகு மெதுவாக ஆற விடணும். பர்னர் ராத்திரி முழுக்க அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சா, மொத்தம் எத்தனை மணி நேரம் எரிஞ்சதுங்கிற கணக்கு எதுக்கும் ஆகாது. கடைசியில் இன்னும் அரைமணி எரிய விட்டாலும் சரக்கு வேகாது.

தூக்கமும் அப்படி அடுக்கடுக்கானது. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. இரவின் முதல் பகுதியில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். கடைசிப் பகுதியில் கண்கள் துடிக்கும் ரெம் உறக்கம் அதிகம். இடையிடையே உலுக்கி எழுப்பினால் இந்தச் சுற்றுகள் முழுமை அடைவதில்லை. 1953-இல் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் ரெம் உறக்கத்தை அறிவித்ததில் இருந்து இது பாடப்புத்தக விஷயம்தான்.

இரவுத் தூக்கம் பயன் தராமல் மதியத் தூக்கம் பயன் தந்ததற்கு, தரத்தில் உள்ள வித்தியாசம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களும் குறிப்பிடுகிறார்கள். அலுவலகத்தில் அமைதியும் வசதியும் உள்ள இடம், வீட்டிலோ சத்தமும் வெக்கையும். ஆனா கட்டுரையின் சுருக்கத்திலும் முடிவு வாசகங்களிலும் "கூடுதல் இரவுத் தூக்கம்" என்ற சொல்தான் முன்னால் நிற்கிறது. அது நிமிடக் கணக்கு. முதல் எண்ணிலேயே நிமிடக் கணக்கின் போதாமையைக் காட்டிவிட்டு, பலனை மறுபடியும் நிமிடக் கணக்கில் சொல்வது இந்த ஆய்வின் பலவீனம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு குறைகள்.

ஒன்று, பொருட்கள் கொடுத்தது ஒரு ஆளுக்கு. மாறாமல் இருந்தது வீடு. ஒரே அறையில் நாலு பேர் படுக்கிற இடத்தில் ஒருத்தருக்கு மட்டும் காதடைப்பு கொடுத்தால் குழந்தை அழுவது நிற்காது, பக்கத்தில் படுத்தவர் தண்ணீர் குடிக்க எழுவதும் நிற்காது. மொட்டை மாடி பகல் முழுக்க வாங்கிய வெயிலை ராத்திரி வீட்டுக்குள் இறக்கும். டேபிள் ஃபேன் அந்தச் சூட்டைச் சுற்றி விடும், அவ்ளோதான்.

இரண்டு, ஆக்டிகிராஃப். அது பார்ப்பது அசைவை மட்டும். அசையாமல் விழித்துக் கிடப்பவரைத் தூங்குபவராகக் கணக்கில் சேர்த்துவிடும். மூளை அலைப் பதிவோடு ஒப்பிட்டால் இதுதான் அந்தக் கருவியின் தெரிந்த குறை. எந்த உறக்க நிலை எவ்வளவு நேரம் என்பதும் அதில் தெரியாது. ஆழ்ந்த உறக்கம் கூடியதா ரெம் கூடியதா என்ற கேள்விக்கு, இந்தக் கருவியை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. 452 பேர் தலையில் ஒயர் மாட்டி வீட்டுக்கு அனுப்ப முடியாதுதான். அளக்க முடிந்ததை அளந்தார்கள். அளவுகோலின் எல்லையை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது வாசிக்கிற நம்ம பொறுப்பு.

காட்டில் வாழ்பவர்கள் நம்மைவிட நன்றாகத் தூங்குகிறார்களா?

2015-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காந்தி யெட்டிஷ், ஜெரோம் சீகல் குழுவினர் தான்சானியாவின் ஹாட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே மக்களின் தூக்கத்தை இதே மாதிரி கருவியால் அளந்தார்கள். கரண்டு வசதி இல்லாத வாழ்க்கை. தூங்கியது 5.7 முதல் 7.1 மணி நேரம்.

இதை வைத்து "5.5 மணி நேரம் ஒண்ணும் மோசமில்ல, மனுஷன் எப்பவும் அவ்வளவுதான் தூங்கியிருக்கான்" என்று வாதம் செய்யலாம். ஆனா அவர்களுடைய தூக்கத் திறன் 80 சதவீதத்துக்கு மேல். இரண்டு ஆய்விலும் கணக்கிட்ட முறை ஒன்றில்லை என்பதால் தசமப் புள்ளி வரைக்கும் ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் திசை தெளிவு. தரையில் படுக்கும் ஹாட்சா வேடனின் தூக்கம் சென்னைக் கூலித் தொழிலாளியின் தூக்கத்தைவிடக் குறைவாக உடைகிறது.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வெப்பம். அம்மக்கள் சூரியன் மறைந்ததும் தூங்கிவிடுவதில்லை. வெப்பம் இறங்கிக்கொண்டே வரும் நேரத்தில் தூங்கி, அது அடிமட்டத்தைத் தொடும் நேரத்தை ஒட்டி விழிக்கிறார்கள். மே மாதம் விருத்தாசலத்தில் கான்கிரீட் வீட்டில் படுத்தவருக்கு இதன் அர்த்தம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடு ராத்திரி தாண்டித்தான் வீடு ஆற ஆரம்பிக்கும். உருப்படியான தூக்கம் அப்போதுதான் வரும்.

அந்த நேரத்தில்தான் நாம் பிள்ளைகளுக்கு அலாரம் வைக்கிறோம்.

நாலு மணி அலாரம்

என்சிஇஆர்டி பதினோராம் வகுப்பு உளவியல் புத்தகத்தில் மனித வளர்ச்சிக்கு ஒரு அத்தியாயம், கற்றலுக்கு ஒன்று, நினைவுக்கு ஒன்று இருக்கு. தூக்கத்துக்குத் தனி அத்தியாயமே இல்லை. அமெரிக்கக் கல்லூரிப் பாடப்புத்தகங்களில் "உணர்வு நிலைகள்" என்ற வேறொரு அத்தியாயத்தில் அது வரும். ஒரு பதினேழு வயசுப் பிள்ளையின் வீட்டில் வளர்ச்சி, கற்றல், தூக்கம் மூணும் ஒரே ராத்திரியில் நடக்குது. புத்தகம் பிரித்துவைத்ததை நாமதான் சேர்த்துப் படிக்கணும்.

வளர்ச்சி சொல்வது: பிறந்த குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், அதில் ஏறக்குறைய பாதி ரெம் வகை. வயது ஏற ஏற இரண்டும் குறையும். பருவ வயதில் ஒரு திருப்பம். உடல் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகும். மெலடோனின் சுரப்பு தாமதமாகத் தொடங்கும். மேரி கார்ஸ்கடன் போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் காட்டிவரும் விஷயம் இது. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் பரிந்துரை. 2014-இல் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் அமைப்பு, காலை 8.30-க்கு முன்னால் மேல்நிலைப் பள்ளி தொடங்கக் கூடாது என்றது. கலிஃபோர்னியாவில் 2022 முதல் அது சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. பத்தரை மணிக்குத் தூக்கம் வராத பிள்ளையை நாம சோம்பேறின்னு சொல்றோம். அது வயசின் இயல்பு.

கற்றல் சொல்வது: 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் இரண்டே இரண்டு மாணவர்களை வைத்து, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தூங்கி எழுந்தபின் கேட்டால் மறந்தது குறைவு, விழித்திருந்தபின் கேட்டால் அதிகம். ரெண்டு பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது. ஆனா அடுத்த நூறாண்டில் வந்த ஏராளமான சோதனைகள் அதே திசையில்தான் போயின. எந்த வகை நினைவுக்கு எந்த உறக்க நிலை முக்கியம் என்பதில் இன்னும் சண்டை இருக்கு. தூக்கம் படித்ததை நிலைநிறுத்த உதவுகிறது என்பதில் அவ்வளவு சண்டை இல்லை.

இப்போது கணக்கைப் போடுங்கள். பதினோரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழும் மாணவனுக்குப் படுக்கை நேரம் 5 மணி. சென்னை ஆய்வின் விகிதத்தில் அது மூன்றரை மணி நேரத் தூக்கம். முன்னிரவுப் புழுக்கத்தில் ஆழ்ந்த உறக்கம் உடைகிறது. ரெம் அதிகமாக வர வேண்டிய பின்னிரவை அலாரம் வெட்டுகிறது. ரெண்டு பக்கமும் நஷ்டம்.

"விடியக்காலம் படிச்சா மனசுல நிக்கும்" என்று பெரியவங்க சொல்றதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்நேரம் வீடு குளிர்ந்திருக்கும், டிவி ஓடாது, யாரும் கூப்பிட மாட்டாங்க. ஆனா அந்தப் பெரியவங்க எட்டரைக்கே படுத்தவங்க. படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும் நேரத்தை மட்டும் நாம எடுத்துக்கிட்டோம்.

இந்த இடத்தில் யாராவது சென்னை ஆய்வைக் காட்டி "கூடுதல் தூக்கத்தால பலன் இல்லைனு நிரூபிச்சுட்டாங்களே" என்றால், மூன்று பதில்கள். அதில் இருந்தவர்கள் பெரியவர்கள், வளரும் பிள்ளைகள் இல்லை. கூட்டப்பட்டது உடைந்த தூக்கம். சோதனை மூன்று வாரம், பிள்ளை படிப்பதோ வருஷக்கணக்கில்.

அந்த அரைமணி யார் கணக்கில்?

மதியத் தூக்கத்துக்கு வருவோம். இதைத்தான் எல்லாரும் சந்தோஷமாகப் பகிர்வார்கள். ஆனா ஆய்வே சொல்கிறது, வேலை நேரம் குறைந்தது. சும்மா இடைவேளை எடுத்தவரோடு ஒப்பிட்டால் தூங்கியவருக்கு லாபம். அந்த நேரமும் வேலை பார்த்தவரோடு ஒப்பிட்டால் வருமானம் குறைவு. மாசச் சம்பளக்காரருக்கு இது பிரச்சினையே இல்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்கும், நெய்வேலியில் நைட் ஷிஃப்ட் முடித்துப் பட்டப்பகலில் தூங்க முயலும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் "மதியம் ஒரு குட்டித் தூக்கம் போடுங்க" என்று சொல்வது அறிவுரை கிடையாது. அந்த அரைமணிக்கு யார் காசு கொடுப்பது என்று முடிவு செய்த பிறகுதான் அது அறிவுரை ஆகும்.

அதனால் இந்த ஆய்வில் எதை எடுத்துக்கொள்ளலாம்? என்னைக் கேட்டால், சிகிச்சைப் பலன்களைவிட அந்த முதல் எண். 8 மணி நேரம் படுத்தும் 5.5 மணி நேரம். தூக்கம் கெடுவதற்கு ஒழுக்கக் குறைவு காரணமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இவர்கள் படுக்கத்தான் செய்கிறார்கள். வீடும் தெருவும் தூங்க விடுவதில்லை.

பள்ளி மேடையில் "எட்டு மணி நேரம் தூங்குங்க" என்று பேசுவதற்கு முன்னால், பிள்ளை படுக்கும் அறை ராத்திரி பதினோரு மணிக்கு எவ்வளவு சூடு, எத்தனை பேர் அங்கே படுக்கிறார்கள் என்று கேட்கலாம். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும், ஜன்னலுக்குக் கொசுவலை போடுவதும், அலாரத்தை நாலில் இருந்து ஐந்தரைக்குத் தள்ளுவதும் பெரிய செலவில்லை. ஹாஸ்டல் நடத்துபவர்களுக்கும் இதையே சொல்வேன். விடியற்காலை ஸ்டடி ஹால் மணியை ஒரே ஒரு மாதம் தள்ளி அடித்துவிட்டு, மாதத் தேர்வு மார்க்கைப் பழைய மார்க்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதுக்கு ஆக்டிகிராஃப் தேவையில்லை. மார்க் நோட்டு போதும்.