அணியும் கவசமும்: ஆதவன் கதைகளில் தலைநகர்த் தமிழர்

மனிதன் தன் நிலையை வாயால் சொல்வதினும், அன்றாட வாழ்வின் சிறு சிறு தேர்வுகளால் சொல்வதே மிகுதி. உடுக்கும் உடை, பருகும் பானம், கையில் ஏந்தும் ஏடு, பிள்ளையைச் சேர்க்கும் பள்ளி, விருந்தினரிடம் பேசும் மொழி ஆகிய ஒவ்வொன்றும் 'யாம் இன்னார்' என்று அறிவிக்கும் பலகையே. தலைநகரில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. அரசுக் குடியிருப்பின் 'டைப்' எண்ணைக் கேட்டதும் குடியிருப்பவரின் ஊதியத்தைக் கணித்துவிடும் ஊர் இது. நாற்காலியின் முதுகில் விரித்த வெள்ளைத் துவாலையே அமர்ந்திருப்பவர் அதிகாரி என்று நமக்கு உணர்த்திவிடும்.

இவ்வுலகைத் தமிழ்ப் புனைகதையில் நுணுகிக் கண்டவர்களுள் ஆதவன் முதன்மையானவர். 1942-இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, தில்லியில் கல்வி பயின்று, இரயில்வே அமைச்சகத்திலும் பின்னர் நேஷனல் புக் டிரஸ்டிலும் பணியாற்றிய அவர், 1987-இல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி மறைந்தார். அவ்வாண்டின் சாகித்திய அகாதெமி பரிசு, 'முதலில் இரவு வரும்' என்ற சிறுகதைத் தொகுப்பிற்காக, அவர் மறைந்த பின்னரே அவருக்கு வழங்கப்பட்டது. நம்மைப் போலவே கோப்புகளுக்கிடையே காலம் கழித்தவராதலின், அவர் எழுத்தில் நம் வீட்டு வாசனை வீசுவதில் வியப்பில்லை.

1977-இல் நூலாக வந்த 'காகித மலர்கள்' தலைநகரின் உயர் அதிகாரி ஒருவரின் குடும்பத்தைச் சுற்றி அமைந்தது. அங்கே பெற்றோரும் பிள்ளைகளும் ஒவ்வொரு வேடம் பூண்டு உலவுகின்றனர். ஊரார்முன் மட்டும் அணிய வேண்டிய முகமூடியை, ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் ஒருவருக்கொருவர் காட்டவும் அணிந்து கொள்கின்றனர். மணமில்லா மலர் என்னும் தலைப்பு அவர்கள் அனைவர்க்கும் பொருந்துகிறது.

1980-இல் வெளியான 'என் பெயர் ராமசேஷன்' இதனினும் ஒருபடி மேற்செல்கிறது. நடுத்தர வகுப்பு இளைஞனான ராமசேஷன் தன் கதையைத் தானே கூறுகிறான். வசதி மிக்க நண்பன் ராவின் வீட்டு நாகரிகத்தை அளந்து பார்க்கும் அவன், அந்நாகரிகத்தைக் கண்டு நகைப்பதும் தன்னை உயர்த்திக்கொள்ளும் வழியே என்பதையும் உணர்கிறான். பகட்டைப் பழிப்பவனின் எளிமையும் பகட்டாகலாம் என்னும் இவ்வுண்மையே ஆதவனின் தனிச்சிறப்பு என்போம். பட்டுச்சேலையைப் பார்த்துச் சிரிப்பது எளிது. நம் கதர்ச்சட்டையையும் கக்கத்தில் இடுக்கிய இலக்கியச் சிற்றேட்டையும் அதே கண்ணால் பார்க்கும்படி அவர் நம்மைக் கட்டாயப்படுத்துகிறார்.

எனினும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆதவனின் மாந்தர் பெரும்பாலோர் தம்மைத் தாமே ஆராயும் கல்வியும் ஓய்வும் வாய்த்தவர்கள். அவர்கள்பால் அவர் காண்பது அணியை. அந்த அணி ஒரு காலத்தில் கவசமாக இருந்ததை அவர் போதிய அளவு காட்டவில்லை. ஆங்கிலத்தையே எடுத்துக்கொள்வோம். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, இந்தி அறியாமல் இந்நகருக்கு வந்த தமிழ் எழுத்தருக்கு ஆங்கிலமே ஊன்றுகோல். 'மதராஸி' என்னும் ஏளனச் சொல்லுக்கு எதிரே, பிழையின்றி எழுதிய குறிப்பொன்றே அவருடைய மானத்தைக் காத்தது. இருந்த ஒரே நல்ல சட்டையை இரவில் துவைத்துக் காலையில் மடிப்புக் கலையாமல் அணிந்து சென்றாரே, அதனைப் பகட்டு என்போமா? அஞ்சியவன் நிமிர்ந்து நிற்கத் தேடிய துணை அது.

கவசம் அணியாக மாறியது அடுத்த தலைமுறையில். இன்று நம் இல்லங்களில் பாட்டி தமிழில் வினவ, பேரன் ஆங்கிலத்தில் விடை கூறுகிறான். கேட்டிருக்கும் பெற்றோர் முகத்தில் ஒரு பெருமிதம் படர்கிறது. போரில்லாத காலத்திலும் கவசத்தைக் கழற்றாதவர் தம் குழந்தையை மார்போடு அணைக்க இயலுமா? பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே நிற்பது இந்தக் கவசமே. இம்மாற்றம் நேர்ந்த வரலாற்றையும் ஆதவன் எழுதியிருப்பாராயின், அவருடைய அங்கதத்தில் கருணையும் கலந்திருக்கும்.

இக்குறையால் அவர் படைப்பின் மதிப்பு தாழ்ந்துவிடாது. அவர் விட்ட இடத்தை நிரப்பும் கடமை நமக்குரியது. விருந்தினர் வரும்போது மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும் கோப்பை எது, யாரும் இல்லாதபோது நாம் விரும்பிப் பருகும் டம்ளர் எது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். தமிழ் இவ்விரண்டில் எதுவாக நம் வீட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்போம். ஆண்டுக்கொரு முறை சங்க விழாவில் மட்டும் அணியும் பட்டாக அது சுருங்கிவிட்டதெனில், ஆதவன் தீட்டிய காகித மலர்களுள் நாமும் ஒன்றே. பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்தி அவர் நூல்களை உரக்கப் படிப்போமாயின், அம்மலரிலும் சிறிது மணம் ஏறக்கூடும்.