காயம் இல்லாத விபத்தை யார் எழுதுவது?

வன்னியில் ஆழ்சுரங்கம் கிடையாது, இருப்பவை கல்லுக்குவாரிகள். இலங்கையில் தொழிலாளர் நூற்றுக்கணக்கான மீற்றர் கீழே இறங்கிப்போகும் இடங்கள் கேகாலையின் போகல, குருநாகலின் கஹட்டகஹ போன்ற காரீயச் சுரங்கங்கள்தான். அப்படியிருக்க, ஆழ்சுரங்கத்துப் பாறை வெடிப்பு விதிகளை இங்கிருந்து எதற்காக எடைபோட வேண்டும்? ஒருவருக்கும் காயமில்லாமல் பாறை சரிந்தால் அதை அறிவிக்க வேண்டுமா என்ற கேள்விதான் அந்த விதிகளின் அடியில் இருக்கிறது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கல்லுடைக்கும் இடங்களில் அதே கேள்விதான் பதிலில்லாமல் கிடக்கிறது.

பாறை வெடிப்புக்கு வெடிமருந்து தேவையில்லை. 3 கிலோமீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரின் மேலும் ஏறத்தாழ 800 கிலோகிராம் சுமை அழுத்துகிறது. தாதுவைத் தோண்டி எடுத்ததும் அது தாங்கிய சுமை பக்கச் சுவர்களுக்கும் விட்டுவைத்த தூண்களுக்கும் மாறும். மென்மையான பாறை நசுங்கி விட்டுக்கொடுக்கும். கடினப் பாறை கடைசிவரை தாங்கிநின்று, பிறகு ஒரே நொடியில் சிதறும்.

தமிழர் இதை உடம்பால் அறிந்த இடம் கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துச் சனங்களில் ஒரு பகுதியினர் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தார்கள், இன்னொரு பகுதியினர் தங்கவயலுக்குப் போனார்கள். தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்த பலர் 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் வன்னியில் குடியேறினார்கள். ஆகவே தங்கவயல் எங்களுக்கு அவ்வளவு அந்நியமான ஊரல்ல. 1880களில் இலண்டனின் ஜோன் டெய்லர் நிறுவனம் பெரிய அளவில் தொடங்கிய அந்தச் சுரங்கங்களில் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீற்றருக்கும் கீழே போனது. 1904இலேயே மைசூர் அரசின் நிலவியலாளர் ஸ்மீத் அங்கு நிகழ்ந்த வெடிப்புகளையும் நடுக்கங்களையும் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டார். தோண்டிய வெற்றிடங்களைக் கருங்கல் அடுக்கித் தாங்கினார்கள். பின்னாளில் கொங்கிறீற்றால் நிரப்பினார்கள். 1970களின் பிற்பகுதியில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு நில அதிர்வுக் கருவிகள் பொருத்தப்பட்டன. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கேயே தோன்றியது. 2001 பெப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது.

அறிவுக்கு அங்கே பஞ்சமிருக்கவில்லை. சட்டத்தைப் பார்த்தால் கதை வேறு. தங்கவயலின் பிற்காலத்தில் பொருந்திய 1952ஆம் ஆண்டு இந்தியச் சுரங்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உயிரிழப்போ கடுங்காயமோ ஏற்பட்டால் ஆய்வாளர் வரும்வரை அந்த இடத்தைக் கலைக்கக்கூடாது என்றது. அவர் 72 மணித்தியாலத்துக்குள் ஆய்வு செய்யாவிட்டால் வேலையைத் தொடர அனுமதித்தது. நல்ல ஏற்பாடுதான், சாட்சியம் அழியாது. ஆனால் அதை இயக்கிவிட்டது மனித உடல். சாப்பாட்டு நேரத்தில் பாறை சிதறி ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால், அந்த இடத்தை அப்படியே விட்டுவைக்க இந்த ஏற்பாடு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பாறைக்கு ஆட்கள் எப்போது சாப்பிடப் போவார்கள் என்று தெரியாது.

அமெரிக்காவின் நிலத்தடி உலோகச் சுரங்க விதி இந்த இடத்தில் பிரிந்துபோகிறது. பாறை வெடிப்பைச் சந்தித்த சுரங்கம், ஆட்களை வெளியேற்ற வைத்த, காற்றோட்டத்தைக் கெடுத்த, வழியை மறித்த அல்லது வேலையை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்திய ஒவ்வொரு வெடிப்பையும் 24 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும். 90 நாளுக்குள் கட்டுப்பாட்டுத் திட்டம் எழுதி நடைமுறைப்படுத்த வேண்டும். வெடிப்பைக் குறைக்கும் வேலைமுறை, கருவிகள் இருந்தால் கண்காணிக்கும் முறை, ஆபத்தான பகுதியில் ஆட்கள் நிற்பதைக் குறைக்கும் வழி ஆகியவை அதில் இருக்க வேண்டும். நிலைமை மாறினால் திட்டமும் மாற வேண்டும். தொழிலாளர் கேட்டால் காட்ட வேண்டும்.

இந்த விதியின் பெரிய பலம், அது காயத்தை எண்ணாமல் பாறையின் நடத்தையை எண்ணுவது. இறந்தவர் தொகையை மட்டும் பார்க்கும் கணக்கில், ஒன்பது முறை தப்பிய சுரங்கம் பத்தாவது முறைவரை நல்ல சுரங்கமாகவே தெரியும். இந்தக் கணக்கில் அது முதல் முறையிலேயே அகப்பட்டுவிடும். திட்டத்தைப் பார்க்கும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்ததையும் நான் சிறிதாக எண்ணமாட்டேன்.

ஆனால் ஓட்டைகளும் அதே வாசகங்களுக்குள்தான் இருக்கின்றன. முதல் வெடிப்பு நடந்தால்தான் திட்டம் பிறக்கும். ஆழமும் பாறையின் தன்மையும் முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், பாறை ஒருமுறை வெடித்துக் காட்டும்வரை இந்த விதி காத்திருக்கும். பிறகு 90 நாள். அந்த இடைக்காலத்தில் ஆட்கள் எந்தத் திட்டத்தின்கீழ் இறங்குகிறார்கள் என்று விதி சொல்லவில்லை. எழுதிய திட்டத்தை ஆய்வாளர் கேட்டால் காட்டினால் போதும். அவர் ஒப்புதல் தரவேண்டும் என்ற வரி அதில் இல்லை. தொழிலாளியும் அதை வாசிக்கலாம், எழுதும்போது அவரைக் கேட்கவேண்டியதில்லை. போதாததற்கு, 2006 முதல் அமெரிக்காவில் சுரங்க விபத்துகளை 15 நிமிடத்துக்குள் அறிவிக்கும் பொது விதியும் உண்டு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேலையை நிறுத்தும் பாறைச் சிதறலும் அதில் அடங்கும். ஒரே நிகழ்வுக்கு இரண்டு கெடு இருந்தால் மேற்பார்வையாளர் எதைப் பின்பற்றுவார் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான குறை, அறிவிப்பவர் யார் என்பது. அறிவித்தால் நட்டப்படுபவர்தான் அறிவிக்கவும் வேண்டும். 2007 ஓகஸ்ட் 6இல் யூட்டா மாநிலத்தின் கிராண்டல் கன்யன் நிலக்கரிச் சுரங்கம் சரிந்து 6 பேர் புதையுண்டார்கள். பத்து நாள் கழித்து, அவர்களைத் தேடிப்போன 3 பேரை இன்னொரு வெடிப்பு கொன்றது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அங்கு நடந்த வெடிப்பை உரிய நேரத்தில் அறிவிக்கவில்லை என்பதை நிறுவனம் 2012இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அது ஒப்புக்கொண்ட இரண்டு குற்றங்களுக்கும் சேர்த்துத் தண்டம் 5 இலட்சம் டொலர். 15 நிமிட விதி அப்போது நடைமுறையில் இருந்தது. விதி கடுமையாக இருந்தும், சொல்ல வேண்டியவர் சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

அறிவிப்பே போதும் என்பவருக்கு அவுஸ்திரேலியாவின் பீக்கன்ஸ்ஃபீல்ட் தங்கச் சுரங்கத்தை நினைவூட்டலாம். 2005 ஒக்ரோபரில் அங்கே அதிர்வும் பாறைச் சரிவும் வந்தன. அவற்றை ஆராய்ந்து, வேலைமுறையை மாற்றி மீண்டும் தொடங்கினார்கள். 2006 ஏப்ரல் 25இல் 925 மீற்றர் ஆழத்தில் பாறை விழுந்து ஒருவர் இறந்தார், இருவர் 14 நாள் உள்ளே அடைபட்டுக் கிடந்து மீண்டார்கள்.

வன்னிக் குவாரியில் மேலே சுமையில்லை என்பதால் இந்த வகை வெடிப்பு வராது. அங்குள்ள ஆபத்து வெடி வைக்கும்போது எல்லை தாண்டிப் பறக்கும் கல், வெடிக்காமல் எஞ்சிய மருந்து, அடிவெட்டிய சுவர். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. யுத்தத்தின் பின் ஏ9 வீதிக்கும் வீடுகளுக்கும் கல் வேண்டியிருந்தது. கல்லோடு சேர்த்துப் பழக்கங்களும் வேகமாக உருவாகின. பறந்த கல் ஒரு தகரக் கூரையில் விழுந்தால் தகரத்தின் விலை பேசி முடித்துவிடுவதும் அப்படியொரு பழக்கம்தான். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

வேறு வழி தெரியாத ஊரல்ல இது. முகமாலையில் கண்ணிவெடி அகற்றுவோர் பின்பற்றும் சர்வதேச நியமங்கள், ஆளுக்குக் காயமில்லாத சம்பவத்தையும் அறிவித்து விசாரிக்கச் சொல்கின்றன. எங்கள் பெண்களும் ஆண்களும் வருடக்கணக்கில் அந்த ஒழுங்கில் வேலை செய்திருக்கிறார்கள். ஒரு மாகாணத்துக்குள் ஒரு கண்ணிவெடி வயலில் நடப்பது அடுத்த குவாரியில் ஏன் நடக்கக்கூடாது?

அமெரிக்க விதியிலிருந்து எடுக்கவேண்டியது அதன் அடிப்படை மட்டும்: காயம் வேண்டாம், நிகழ்வே போதும். 90 நாளை அங்கேயே விட்டுவிடலாம். பாதுகாப்புத் திட்டம் அனுமதிப்பத்திரத்துக்கு முன்னரே தமிழில் எழுதப்பட்டு, பணியகத்தால் ஏற்கப்பட்டு, குவாரி வாசலில் ஒட்டப்பட வேண்டும். எல்லை தாண்டிய ஒவ்வொரு கல்லையும் 24 மணித்தியாலத்துக்குள் பணியகத்துக்கும் கிராம அலுவலருக்கும் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தொழிலாளியும் அயலவரும் நேரே கொடுக்கலாம் என்று அனுமதிப்பத்திர நிபந்தனையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியில்லாமல் மற்ற இரண்டும் காகிதத்தில்தான் இருக்கும்.