கோட்டின் ஓரம்

லெகோ துண்டுகளில் ரோபோ கட்டுபவர்களின் கைவேலையில் என் மனம் கவர்ந்தது, கோடு பிடித்துப் போகும் சின்ன வண்டிதான். வெள்ளைத் தரையில் கறுப்புக் கோடு. வண்டி அதன் நடுவில் போவதில்லை. ஓரத்தைப் பற்றிக்கொண்டு நெளிந்து நெளிந்து போகிறது. அடியில் உள்ள ஒளி உணரி கறுப்பைக் கண்டால் ஒரு பக்கம், வெள்ளையைக் கண்டால் மறுபக்கம். ஒற்றைக் கண்ணுக்கு இதைவிட எளிய உபாயம் உண்டா!

பல்சக்கரங்களும் அப்படித்தான். 8 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும். முறுக்குவிசையோ ஏறத்தாழ மும்மடங்கு. விரலால் சுழற்றிப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது.

1998-இல் பிறந்த ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில் ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம்தான். அதற்காக மாதக்கணக்கில் கட்டுகிறார்கள், பிரிக்கிறார்கள், மறுபடி கட்டுகிறார்கள். பசையும் இல்லை, திருகாணியும் இல்லை. ஆகவே எந்தத் தவறும் நிலைத்துவிடுவதில்லை.

இந்த ரோபோக்களின் மூளையாக இருந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் பெட்டிகளின் விற்பனையை லெகோ 2022 முடிவோடு நிறுத்திவிட்டது. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் கொடுங்கள்.