பெற்ற உறவும் பெறாத தாயும்

இறந்தவர்மீது சினம் கொள்ளலாமா? ஆகாது என்பர் பெரியோர். அழு, தொழு, மறந்துவிடு! துயருற்ற குழந்தைக்கு உலகம் தரும் பாடம் இவ்வளவே. ஆனால், பன்னிரண்டே வயதான சிறுமியொருத்தி, தன்னைத் தனியே விட்டு மாண்டுபோன பெற்றோரையும் பாட்டியையும் மன்னிக்க முடியவில்லை என்கிறாள். வேண்டுமென்றே அவர்கள் சாகவில்லை என்பதை அறிவு உணர்கிறது. ஆயினும் நெஞ்சம் ஒப்பவில்லை!

அச்சிறுமியின் பெயர் அன்னா. 'மார்னி அங்கே இருந்தபோது' என்னும் ஜப்பானிய ஓவியத் திரைப்படத்தின் தலைவி. ஆங்கில எழுத்தாளர் ஜோன் ராபின்சன் 1967-இல் வெளியிட்ட சிறுவர் புதினமே இதற்கு மூலம். இங்கிலாந்தின் நார்போக் கடற்கரைக் கதையை, 2014-இல் ஜிப்லி படக்கூடத்தார் ஹொக்கைடோத் தீவிலே கொணர்ந்து நட்டனர். இயக்கியவர் யோனெபயாஷி. மண் மாறிற்று, ஆயினும் வேர் பிடித்துக்கொண்டது.

சப்போரோ நகரிலே, யோரிகோ என்னும் நல்லாளின் வளர்ப்பிலே இருக்கிறாள் அன்னா. இழுப்பு நோய்க்கு நல்ல காற்று வேண்டுமென்று, கடலோரச் சிற்றூரில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே, சதுப்பு நீருக்கு அப்பால் ஆளற்ற மாளிகை. அதன் சாளரத்திலே பொன்னிறக் கூந்தலாள் ஒருத்தி. அவளே மார்னி. ஓடம் விடுகிறார்கள், உள்ளத்தைத் திறக்கிறார்கள், ஒருவருக்கொருவர் உயிராகிறார்கள்.

யார் இந்த மார்னி? பேயா? அப்படிச் சொல்லி மருட்டவில்லை இப்படம். அன்னாவின் சொந்தப் பாட்டியே அவள் என்பது இறுதியில் விளங்குகிறது. தாய்தந்தையர் விபத்தில் மாண்டபின், குழந்தையை மடியில் வைத்துப் பாட்டி சொன்ன பழங்கதைகளே மனத்தின் ஆழத்தில் கிடந்து, ஏங்கிய வேளையில் எழுந்து வந்தன என்று நாம் கொள்வதே பொருந்தும். ஆவியன்று அது, அன்பின் நினைவு! அன்னாவின் கண்ணிலே நீலச்சாயலைக் கண்டு ஒரு பெண் வியக்க, இவள் வெகுண்டு ஏசும் காட்சி முன்னமே வருகிறது. மறைபொருளைக் கண்ணிலேயே எழுதிவைத்த நயம் பிறகே நமக்குப் புலப்படுகிறது.

மார்னியின் வாழ்வோ கொடிது. மாளிகை இருந்தது; மடி இல்லை. விருந்துகள் நடந்தன, பெற்றோர் விரைந்து மறைந்தனர். பணியாட்களின் கொடுமைக்கு ஆளாகி வளர்ந்தவள், கணவனை இழந்து நோயுற்றபோது, தன் மகள் எமிலியையும் விடுதிக்கு அனுப்ப நேர்ந்தது. அந்த மகள் தாயை வெறுத்தாள். இதைத் தலைவிதி என்று சொல்லிக் கைகழுவலாமா? கவனிப்பாரற்ற குழந்தை, கவனிக்க வழியற்ற தாயாகிறாள். மனிதர் பூட்டிய சங்கிலி இது. மனிதரே உடைக்கவும் கூடும்.

உடைப்பவள் அன்னா. தன்னைத் தவிக்கவிட்டு மறைந்த மார்னி, மன்னிக்குமாறு கதறுகிறாள், அன்னா மன்னிக்கிறாள். யாரை மன்னிக்கிறோம் என்று அறியாமலே தன் பாட்டியை மன்னித்துவிடுகிறாள்! உறவு தெரிந்தபின் மன்னித்திருந்தால் அது கடமை. தெரியாமுன் மன்னித்ததால் அது அன்பு. படத்தின் உச்சி இதுவே.

குறையும் உண்டு. மூன்று தலைமுறைத் துயரத்தை, ஓவியம் தீட்டும் முதியவள் ஒருத்தியின் வாயால் சில நிமிடங்களில் சொல்லி முடிக்கிறார்கள். காணவேண்டியதைக் கேட்க நேர்கிறது. எமிலிக்குப் பேச வாயே தரப்படவில்லை. விடுதியில் விடப்பட்ட மகளின் நியாயத்தை யார் சொல்வது?

இனி, நாம் மிகவும் போற்றுவது வேறொன்று. அன்னாவை வளர்க்க அரசு பணம் தருகிறது. யோரிகோ அதனை மறைத்தாள். அன்னாவோ தற்செயலாய் அறிந்துகொண்டாள். அன்பும் கூலிக்குத்தானோ என்னும் ஐயம் அவளை உள்ளே அரித்தது. மறைத்தவள் தீயவளல்லள், குழந்தை நோகுமே என்று அஞ்சியவள். ஆனால் நோயை வளர்த்தது அந்த மௌனம்தானே! யோரிகோ வாய்திறந்து உண்மையைச் சொன்ன அன்றே சிறுமியின் நெஞ்சுச்சுமை இறங்குகிறது.

பள்ளிப் பதிவேட்டிலே பெற்றோர் பெயரைக் கேட்கும்போது தலைகுனியும் குழந்தையை ஆசிரியராகிய நாம் அறிவோம். நாமும் அவ்விடத்திலே பேச்சை மாற்றியவர்களே. பரிவு என்று அதற்குப் பெயரிட்டோம். அது நம் கோழைத்தனமே என்று இப்படம் நமக்கு உணர்த்திற்று.

பாட்டி யாரென்று தெரிந்தபின் அன்னா செய்வதென்ன? குருதி உறவு கிடைத்துவிட்டதென்று வளர்த்தவளை ஒதுக்கினாளா? இல்லை! அதுவரை அத்தை முறை சொல்லி அழைத்துவந்த யோரிகோவை, மற்றவர்க்கு அறிமுகம் செய்கையில், என் தாய் என்கிறாள். ஒரே சொல், அதற்காகவே அத்தனைக் கதையும்!

பிறப்பு, நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்லும். யாருடையவர் நாம் என்பதை அன்பே சொல்லும். குழந்தைகளோடு அமர்ந்து காணுங்கள் இப்படத்தை. அவர்கள் கேள்வி கேட்பார்கள். அப்போது பேச்சை மாற்றாதீர்கள்!